பழி கடல்மேல், பிழை தேர்வின்மேல்

ஸ்கூபா பழகியவர் முதல் கேமரா வாங்க யோசனை கேட்டால், சென்னையில் அநேகமாக எல்லாரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "ஆக்‌ஷன் கேமரா ஒண்ணு வாங்கிப் போடு, போதும். நம்ம கடல் கலங்கல். இங்க இன்னா தெரியப்போவுது? அந்தமான் போறப்போ ஆசை தீர எடுத்துக்க." மணலியில் இந்தப் பதில் இன்னும் அழுத்தமாக வரும். சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, அனல்மின் நிலையத்துச் சாம்பல், நிலக்கரி இறக்கும் துறைமுகம் என்று சூழ வாழ்கிறவர்களுக்குக் கடல் கலங்கல் என்பது கண்ணெதிரே இருக்கும் சங்கதி. ஆகவே இந்தப் பேச்சை எதிர்த்துக் கேட்பார் இல்லை.

கேட்டாக வேண்டும். அந்தப் பதிலுக்குள் மூன்று நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. படம் கெடுவதற்குக் காரணம் கடல் என்பது முதலாவது. பெட்டியின்மேல் அச்சிட்ட ஆழமும் மெகாபிக்சலுமே கேமராவின் தரம் என்பது இரண்டாவது. புதியவருக்கு அகலமாகப் பார்க்கும் வீடியோ கேமராவே தோது என்பது மூன்றாவது. முதல் இரண்டும் முழுத் தவறு. மூன்றாவது முக்கால் தவறு. நம் கடலில் பழகுகிறவர் முதலில் வாங்க வேண்டியது, மிக அருகில் ஃபோகஸ் ஆகும் சிறிய கேமரா ஒன்றும், அதற்குப் பக்கத்துணையாக ஒரு விளக்கும். தெளிந்த கடலுக்குப் போனாலும் அந்த ஜோடிதான் கைகொடுக்கும்.

கடல்மேல் போடும் பழியை முதலில் எடுத்துக்கொள்வோம். இந்தக் கரையோரம் கலங்குவது உண்மை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கொசஸ்தலையாறும் கூவமும் அடையாறும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. கரையை ஒட்டி வடக்கு நோக்கி மணல் நகர்வது இந்தக் கடற்கரையின் இயல்பு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்த பிறகு, அந்த மணல் தெற்கே தேங்கி மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் கரையைத் தின்றது. ஆற்று வண்டலும் அலை கிளறும் மணலும் மிதந்தால் தண்ணீர் கண்ணாடியாக இருக்காது. இதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் படத்தைக் கெடுப்பது கடலில் எத்தனை கலங்கல் இருக்கிறது என்பதல்ல. லென்ஸுக்கும் எடுக்கப்படும் பொருளுக்கும் நடுவே எவ்வளவு கலங்கல் இருக்கிறது என்பதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மீட்டர் தண்ணீர், காட்சியின் தெளிவில் பாதியைத் தின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மீட்டரில் கால் பங்கு மிஞ்சும். மூன்று மீட்டரில் எட்டில் ஒரு பங்குதான். அதே தண்ணீரில் பத்து சென்டிமீட்டர் தூரத்தில் எடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பங்கு தெளிவு அப்படியே கைக்கு வரும். கடல் அதே கடல், நாளும் அதே நாள். மாறியது தூரம் மட்டும்.

"அந்தமானில் இந்தத் தொல்லையே இல்லையே" என்பார்கள். தொல்லையின் உருவம்தான் அங்கே வேறு. தண்ணீர் எத்தனை தெளிவாக இருந்தாலும் ஒளியின் நிறங்களை ஒவ்வொன்றாக உறிஞ்சும். முதலில் போவது சிவப்பு. ஐந்து மீட்டர் ஆழத்திலேயே சிவப்பில் பெரும்பகுதி காணாமல் போய்விடும். பத்து மீட்டரில் செக்கச் சிவந்த மீன் சாம்பல் பூசினாற்போல் தெரியும். ஒளி மேலிருந்து பொருள்வரை வரும் தூரத்தோடு, பொருளிலிருந்து லென்ஸ்வரை வரும் தூரமும் இந்தக் கணக்கில் சேரும். ஆகவே தெளிந்த கடலில் தள்ளி நின்று எடுத்த படமும் நீலம் பாய்ந்து செத்துப்போகிறது. அந்தமான் போய்வந்தவர்களின் படங்களில் பாதி ஏன் ஒரே நீலமாக இருக்கிறது என்பதற்கு விடை இதுதான். அருகே போ, வெளிச்சத்தை உடன் கொண்டுபோ என்ற பாடம் எல்லாக் கடலுக்கும் பொது. தெளிந்த கடல் அந்தப் பாடத்தைப் படிக்காமலே கொஞ்ச நாள் ஒப்பேற்ற விடுகிறது. நம் கடல் விடாது.

இப்போது பெட்டியின்மேல் இருக்கும் எண்களுக்கு வருவோம். கடையில் முதலில் காட்டப்படுவது ஆழத்தின் எண். புதிய கோப்ரோ ரகங்கள் உறை இல்லாமல் 10 மீட்டர் தாங்கும். 2019-இல் வந்த ஒலிம்பஸ் டிஜி-6, 2023-இல் ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் வந்த டிஜி-7 இரண்டும் உறை இல்லாமல் 15 மீட்டர். கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்கூபா பயிற்சி தரும் பாடி (PADI) அமைப்பின் ஓப்பன் வாட்டர் சான்றிதழ் பெற்ற புதியவரே 18 மீட்டர்வரை இறங்கலாம். புதுச்சேரிக்கு வெளியே 2013-இல் உருவாக்கிய டெம்பிள் ரீஃப் என்ற செயற்கைப் பாறைத்திட்டு இருப்பது சுமார் 18 மீட்டர் ஆழத்தில். அதாவது, நம் பக்கத்துப் புதியவர் முதல் மாதமே போகக்கூடிய இடத்துக்கு, "தண்ணீர் புகாது" என்று விற்கப்படும் இந்தக் கேமராக்கள் உறை இல்லாமல் வரமுடியாது. ஆகவே கேமராவின் விலையைக் கேட்பவர் ஹவுசிங் எனப்படும் உறையின் விலையையும் சேர்த்தே கேட்க வேண்டும். கோப்ரோவுக்கு அதன் டைவ் ஹவுசிங்கோடு 60 மீட்டர். டிஜி வரிசைக்கு அதற்கென்று வரும் ஹவுசிங்கோடு 45 மீட்டர். சீலைஃப் மைக்ரோ 3.0 போல, திறக்கும் கதவே இல்லாமல் முழுக்க அடைத்து 60 மீட்டருக்கு வரும் ரகமும் உண்டு. நெருக்கமாக எடுக்க அதற்குக் கூடுதல் லென்ஸ் மாட்ட வேண்டும்.

கைபேசியை நம்பி இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கைபேசிப் பெட்டியில் போட்டிருக்கும் ஐபி68 என்பது ஆய்வகத்தில், அசையாத நல்ல தண்ணீரில், குறித்த ஆழத்தில், குறித்த நேரம் வைத்துப் பார்த்த சோதனை. ஆப்பிள் நிறுவனமே தன் அண்மைக் கைபேசிகளுக்குச் சொல்லும் அளவு 6 மீட்டர், 30 நிமிடம். தண்ணீரால் கெட்டால் அதற்கு வாரண்டியும் கிடையாது. மேலே பிளாஸ்டிக் பை போட்டால் தண்ணீர் அழுத்தத்தில் தொடுதிரையும் ஒழுங்காக வேலை செய்யாது. குளத்தில் விளையாட அது போதும்; டைவுக்கு ஆகாது.

உண்மையில் ஆழத்தின் எண்ணைக் காப்பாற்றுவது ஓ-ரிங் என்னும் மெல்லிய ரப்பர் வளையம். மணலிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஃப்ளாஞ்ச் பூட்டும் எந்த ஃபிட்டராவது, குழாயில் பொறித்த அழுத்த அளவை நம்பி, கேஸ்கெட்டைத் தடவிப் பார்க்காமல் போல்ட்டை முறுக்குவாரா? ஹவுசிங்கும் அப்படித்தான். ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள், துணியிலிருந்து பிரிந்த ஒரு நூல் போதும். பத்து மீட்டரில் இரண்டு மடங்கு அழுத்தம் வந்து நிற்கும்போது வழி கிடைத்துவிடும். வளையத்தை நகம் படாமல் எடுத்து, விரல் நுனியில் உருட்டிப் பார்த்து, கடுகளவு சிலிக்கோன் கிரீஸ் தடவி, பள்ளத்தைத் துடைத்து, முறுக்காமல் உட்காரவைக்க வேண்டும். கிரீஸை அப்பினால் தூசு ஒட்டும். பளபளப்பு வந்தால் போதும். பிறகு கேமராவை உள்ளே வைக்காமல், ஒரு டிஷ்யூ காகிதத்தை மட்டும் போட்டு மூடி, வீட்டுத் தண்ணீர் டிரம்மில் அரைமணி நேரம் அமுக்கிப் பார்க்கலாம். முதல் டைவுக்கும் வெறும் ஹவுசிங்கையே கொண்டுபோவது இன்னும் நல்லது. காகிதம் காய்ந்தே மேலே வந்தால் அடுத்த டைவுக்குக் கேமரா போகலாம். பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ பழைய ஹவுசிங் வாங்குகிறவருக்கு இந்தச் சோதனை கட்டாயம். அதே ரகத்துக்கு மாற்று ஓ-ரிங் இங்கே கிடைக்குமா என்று விசாரிக்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்கக் கூடாது.

நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இன்னொன்றும் உண்டு. கரையில் ஈரக்காற்றோடு ஹவுசிங்கை மூடினால், கீழே குளிர்ந்த தண்ணீர் பட்டதும் அந்த ஈரம் கண்ணாடியின் உட்புறம் பனிக்கும். காய்ந்த காற்று உள்ள அறையில், ஏசி அறை கிடைத்தால் அங்கேயே, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு மூடிவிட்டுப் புறப்படுவதே வழி. "கடல் கலங்கல்" என்று கழித்துப்போட்ட படங்களில் சில, உண்மையில் கண்ணாடிக்குள் பனித்த படங்கள்.

அடுத்த எண் மெகாபிக்சல். டிஜி-7 கேமராவில் 12 மெகாபிக்சல்தான்; இன்றைய நடுத்தரக் கைபேசிகூட அதைவிடப் பல மடங்கு எண்ணைப் பெட்டியில் போட்டிருக்கும். ஆனால் 12 மெகாபிக்சல் என்பது 4000-க்கு 3000 புள்ளிகள். பத்திரிகைத் தரத்தில் பதின்மூன்று அங்குல அகலத்துக்கு அச்சடிக்கலாம். பழகுகிறவருக்கு இதற்கு மேல் என்ன தேவை? மூன்று மீட்டர் கலங்கலுக்கு அப்பால் இருக்கும் மீனை 50 மெகாபிக்சலில் எடுத்தால், நடுவே மிதக்கும் தூசு ஐம்பது மெகாபிக்சலில் துல்லியமாகக் கிடைக்கும். வேறொன்றும் கிடைக்காது.

மூன்றாவது நம்பிக்கைதான் கொஞ்சம் வலுவானது: புதியவருக்கு ஆக்‌ஷன் கேமராவே போதும். அதன் பக்கம் நியாயம் இருக்கிறது. சிறியது, விலை அடக்கம், ஒரே பொத்தான், மணிக்கட்டில் மாட்டிவிட்டு மறந்துவிடலாம். கூட இறங்கிய நண்பரையும், மேலே கடந்துபோகும் மீன் கூட்டத்தையும் தெளிந்த நீரில் அள்ளிக்கொண்டு வர அதற்கு இணையில்லை. ஆனால் அது பிறந்தது அலைச்சறுக்குக்காரர்களுக்காக. அகலமாகப் பார்க்க வேண்டும், எல்லாம் ஒரேயடியாக ஃபோகஸில் இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கணம். ஆகவே அதன் லென்ஸ் நிலையாகக் குறித்த ஃபோகஸ் கொண்டது. பெரும்பாலான ரகங்களில் சுமார் 30 சென்டிமீட்டருக்குள் வந்தால் படம் மங்கும். கலங்கல் கடல் "கிட்டே வா" என்கிறது. அந்தக் கேமரா "கிட்டே வராதே" என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட புதியவர், தோல்வியைக் கடலின் கணக்கில் எழுதிவிடுகிறார்.

படகுத்துறைத் தூணில் ஒட்டிய ஒரு கொட்டலசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். 90 பாகை பார்க்கும் லென்ஸை 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் சட்டத்துக்குள் 60 சென்டிமீட்டர் அகலம் விழும். கொட்டலசு அதில் அறுபதில் ஒரு பங்கு, ஒரு சாம்பல் பொட்டு. டிஜி வரிசையின் மைக்ராஸ்கோப் முறையில் லென்ஸ் நுனியிலிருந்து ஒரு சென்டிமீட்டர்வரை ஃபோகஸ் ஆகும். நாலு விரல் தூரத்துக்குப் போய், மூச்சை மெல்ல விட்டு அசையாமல் நின்றால், கூம்பின் உச்சியில் மூடியிருக்கும் சின்ன ஓடுகள் பிளக்கும். உள்ளேயிருந்து சுருள் சுருளாகக் கால்கள் விரிந்து, தண்ணீரை ஒரு வீச்சில் வாரி, உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபடி விரியும், மறுபடி வாரும். இறாலுக்கும் நண்டுக்கும் உறவான இந்த உயிர், பாறையில் தலையை ஒட்டிக்கொண்டு காலால் சாப்பிடுகிறது. அது வாரித் தின்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் துகள்களையும். நாம் குறைசொல்லும் கலங்கலில்தான் அதற்குச் சோறு. "ஒன்றும் தெரியாத" கடலில் எடுத்த படம் இது. கடல் தெளிந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லை.

நெருக்கத்தில் தொடங்குவது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. கடலாய்வாளர் கூஸ்தோவின் குழுவோடு சேர்ந்து ழான் தெ வூத்தர் வடிவமைத்த காலிப்ஸோ கேமராவை, நிக்கான் நிறுவனம் 1963 முதல் நிக்கோனாஸ் என்று விற்றது. 2001 வரை அந்த வரிசை ஓடியது. அதன் பெரும்பாலான ரகங்களில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. தூரத்தை உத்தேசமாகக் கணிக்க வேண்டும். ஆகவே புதியவர்கள் லென்ஸுக்குப் பின்னால் ஒரு நீட்டுக் குழலும் முன்னால் ஒரு கம்பிச் சட்டமும் மாட்டிக்கொண்டு, அந்தச் சட்டத்துக்குள் அகப்படும் சின்ன உயிர்களை எடுத்துப் பழகினார்கள். கம்பிக்குள் வந்தால் ஃபோகஸ் சரி. நீருக்கடியில் கை பழகுவதற்கு அதைவிட நேரான வழி இல்லை. அந்தக் கம்பியின் வேலையை இன்றைக்கு ஆட்டோஃபோகஸ் செய்கிறது, அவ்வளவுதான்.

துறைமுக வேலையில் இறங்கும் தொழில்முறை மூழ்குநர்களும் இதே கணக்கில்தான் படம் எடுக்கிறார்கள். கை நீட்டினால் கை தெரியாத தண்ணீரில் தூணின் விரிசலையும் பற்றவைப்பின் பிளவையும் படம்பிடிக்க, நல்ல தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் பெட்டியை லென்ஸுக்கு முன்னால் பொருத்தி, அதன் மறுமுனையைச் சுவரோடு ஒட்டிவைத்து எடுக்கும் முறை உலகெங்கும் உண்டு. நடுவே இருக்கும் கலங்கலை அந்தப் பெட்டி வெளியே தள்ளிவிடுகிறது. பொழுதுபோக்காக இறங்குகிறவருக்குப் பெட்டி வேண்டாம். தூரத்தைக் குறைத்தாலே அதே பலன் கிடைக்கும்.

சரி, விளக்கு எதற்கு? கேமராவிலேயே ஃபிளாஷ் இருக்கிறதே என்பார்கள். கலங்கல் நீரில் அந்த ஃபிளாஷைப் போல் படத்தைக் கெடுப்பது வேறில்லை. லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து நேரே பாயும் ஒளி, நடுவே மிதக்கும் ஒவ்வொரு துகளின்மேலும் பட்டு லென்ஸுக்கே திரும்பும். படம் முழுக்க வெள்ளைப் புள்ளி. பேக்ஸ்கேட்டர் என்று டைவர்கள் சபிப்பது இதைத்தான். ஒளி பக்கவாட்டிலிருந்து, ஒரு முழம் தள்ளி, சாய்வாக வந்தால் துகள்களின் முகம் லென்ஸுக்கு இருட்டாகவே இருக்கும். ஆகவே கேமராவைத் தட்டில் பொருத்தி, ஒரு கையில் சாதாரண டைவ் டார்ச்சைப் பக்கத்தில் பிடித்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஸ்ட்ரோப் என்னும் தனி ஃபிளாஷையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆக்‌ஷன் கேமராவோடு தள்ளிவிடும் சிவப்பு ஃபில்டரையும் இங்கே நம்ப வேண்டாம். அது நீல நீரில், நல்ல வெயிலில் நிறத்தைச் சரிக்கட்டும் கருவி. பச்சையாகவும் மங்கலாகவும் இருக்கும் நம் நீரில் இருக்கிற கொஞ்ச ஒளியையும் பிடுங்கிக்கொள்ளும். இல்லாமல் போன சிவப்பை எந்த ஃபில்டராலும் உண்டாக்க முடியாது, விளக்கால் முடியும்.

இதற்கெல்லாம் எதிராக வைக்கத்தக்க வாதம் ஒன்று உண்டு. அதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. நல்ல பயிற்சியாளர்கள் சொல்வார்கள். மிதப்பே இன்னும் கைவராதவரை நாலு விரல் தூரத்துக்குப் போகச் சொன்னால், அவர் பாறைமேல் முட்டுவார், பவளத்தை உடைப்பார். தள்ளி நின்று எடுக்கும் கேமராவே எல்லாருக்கும் நல்லது என்பது அந்த வாதம். முதல் பாதி முற்றிலும் சரி. தரையைத் தொடாமல், துடுப்பை அடிக்காமல், மூச்சை வைத்தே ஒரே உயரத்தில் நிற்கத் தெரியாதவர் எந்தக் கேமராவையும் எடுத்துப் போகக் கூடாது. பவளம், கடற்குதிரை, கடலட்டை எல்லாம் 2001-இலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைக்குள் வந்தவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. தொட்டுவிட்டு "தெரியாமல் பட்டது" என்று சொல்லித் தப்ப முடியாது.

பின்பாதி சரியில்லை. அகலக் கேமரா வைத்திருப்பவர் தள்ளி நிற்பதே இல்லை. படத்தில் எல்லாம் சின்னதாகத் தெரிவதால் மீனைத் துரத்துகிறார், திரையைப் பார்த்துக்கொண்டே நீந்துகிறார், கால் எங்கே அடிக்கிறது என்று பார்ப்பதில்லை. நெருக்கக் கேமரா வைத்திருப்பவர் ஓரிடத்தில் நின்றாக வேண்டும். ஒருமுறை துடுப்பு தரையில் பட்டாலும் வண்டல் கிளம்பும், படம் போச்சு. தவறுக்குத் தண்டனை அந்த இடத்திலேயே. பவளமில்லாத மணல் தரையிலும் செயற்கைத் திட்டிலும் இப்படிப் பழகியவர் பிறகு பவளப் பாருக்குப் போனால் அங்கே சேதம் குறையும். அந்த அளவுக்கு மிதப்பு வரும்வரை பணத்தைச் சேர்த்துவையுங்கள். டைவ் மையத்தில் வாடகைக்குக் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள்.

மணலியிலிருந்து எழுதுகிறவன் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எண்ணூரில் துறைமுக எல்லைக்குள்ளும் கழிவு கலக்கும் இடத்திலும் யாரையும் மூழ்கச் சொல்லவில்லை. கப்பல் போக்குவரத்தும் ரசாயனமும் விளையாட்டல்ல. ஆனால் நம் கடலில் பார்க்க ஒன்றுமில்லை என்ற பேச்சு கேமராத் தேர்வோடு நிற்பதில்லை. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் சிந்தியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கழிமுகத்தில் இறங்கியபோதும், நம் நினைவில் நின்ற படங்கள் கரையில் எடுத்தவை: வாளியும் கறுத்த கைகளும் படகின் பக்கமும். நீர்ப்பரப்புக்கு ஒரு சாண் கீழே இருந்தது பேச்சில்கூட வரவில்லை. கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் இறால் பிடிக்கும் இடங்களைக் கறுப்புக் கம்பளமாக மூடிவரும் காக்கா ஆழி, தென்னமெரிக்கக் கரைகளிலிருந்து வந்து பரவிய சிப்பி. அதைப் பற்றி மீனவர்கள் வருடக்கணக்கில் கத்துகிறார்கள். முழங்கால் தண்ணீரில் படகிலிருந்தே கையை அமுக்கி, ஒரு சாண் தூரத்தில் எடுத்துக் காட்டக்கூடிய விஷயம் அது. அதற்கு 60 மீட்டர் ஆழமும் வேண்டாம், 5கே வீடியோவும் வேண்டாம். அருகில் ஃபோகஸ் ஆனால் போதும்.

ஆகவே கடைக்குப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் நாலுதான், அதுவும் இந்த வரிசையில். எவ்வளவு அருகில் ஃபோகஸ் ஆகும்? ஹவுசிங்கோடு எவ்வளவு ஆழம், ஹவுசிங்கோடு என்ன விலை? வெளி விளக்கு பொருத்தத் தட்டும் இடமும் உண்டா? மாற்று ஓ-ரிங் இங்கேயே கிடைக்குமா? கையிலிருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் கேமராவுக்கே போட்டுவிடாதீர்கள். மீதி ஹவுசிங்குக்கும் டார்ச்சுக்கும் வேண்டும். நீங்கள் முதல் கேள்வியைக் கேட்ட பிறகும் கடைக்காரர் மெகாபிக்சலிலிருந்து பதிலை ஆரம்பித்தால், தயங்காமல் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.